தையலம்மா சொன்ன பொய்

தையலம்மாவிடம் பேசும்போது எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்போம். அவர் கோபக்காரர் இல்லை. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எதையாவது கேட்டுவிட்டால் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவார் என்பதுதான் எங்கள் பயம்.

மலாக்காவில் காஜா பெராங் பக்கம், மலாய் பேசும் தமிழ் வம்சத்தாரான சிட்டிகள் குடியிருந்த கம்போங்கை, அவர்கள் கிராமத்தை, ஒட்டி எங்கள் வீடு இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர். ஜப்பான்காரன் வருவதற்குச் சற்று முன்னால்தான் கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் அவர் தனியாக இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. மேலே பரண் இரண்டுக்கும் பொது. அவர் வீட்டில் தையல் மெஷின் ஓடினால் எங்கள் அடுப்படியில் பாத்திரம் அதிரும். என் மாமனார் பெருமூச்சு விட்டால் அவருக்குக் கேட்கும்.

நாற்பதைத் தாண்டிய வயது அவருக்கு. மெலிந்த உடம்பு. வெள்ளைச் சேலையின் தோள்பட்டையில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உதடுகளை உள்ளே இழுத்துக்கொள்வார். துணியை வெட்டுவதற்கு முன் கண்ணால் அளக்கிறவர் போல இருக்கும் அது. பிறகு சொல்வார். சொன்னது சொன்னதுதான். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பிறகு தோன்றினால் அதைத் திருத்துவதற்காகத் திரும்பி வருவார்.

நான் வந்த புதிதில், குழம்புக்குத் தேங்காய் இல்லையென்று அவரிடம் ஒன்று வாங்கினேன். எங்கள் மரத்துக் காய், நல்லா இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவர் நின்றார். அந்தக் காய் தன் மரத்துடையது இல்லை, வேலிக்கு அந்தப்பக்கத்து மரத்திலிருந்து தன் கொல்லையில் விழுந்தது, அந்த வீட்டுக்காரரிடம் இப்போதுதான் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை. ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் பேச வருகிறவர்கள் அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருமுறை பெண் வீட்டார் அவரைப் பற்றித் தெரியாமல் அவரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டார்கள். நல்ல பையன், குடிக்க மாட்டான், வலிப்பு வரும் என்று மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு அவரிடம் துணி கொடுக்கவில்லை. அதே ஆட்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், அவர் எப்போதும்போல வணக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் புருஷன் இறந்த கதையை என் மாமனார்தான் சொன்னார். காய்ச்சலில் கிடந்த மனிதர் கடைசியில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பிழைச்சுக்குவேனா என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இவர் வாயையே பார்த்தார்களாம். இவர் உதட்டை உள்ளே இழுத்து, டாக்டர் இல்லைன்னுதான் சொல்றாரு என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் யாரிடமும் பேசவில்லை. இதைச் சொல்லிவிட்டு என் மாமனார் ரொம்ப நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். கெட்டவள்னு சொல்ல வரல, ஆனா எனக்குக் கடைசி வர்றப்போ அவளைக் கூப்பிடாதீங்க என்றார்.

அந்தி ஜெபத்தில் அவர் முணுமுணுப்பது பலகை வழியாக எனக்குக் கேட்கும். அன்று முழுக்க யார் யாரிடம் என்னென்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் எடுத்துச் சொல்வார். எதிலாவது பிசகு தெரிந்தால் முணுமுணுப்பு நிற்கும். மறுநாள் காலையில் யார் வீட்டுக் கதவையோ தட்டப் போகிறார் என்று அர்த்தம். சரியா இருக்கணும் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். தையலுக்கும் அதுதான், பேச்சுக்கும் அதுதான். எதுக்கக்கா இவ்வளவு என்று ஒருநாள் கேட்டேன். எனக்குப் படிப்பில்லை, பிள்ளையில்லை, ஊழியம் செய்யத் தெரியாது, நாளைக்கு ஆண்டவர் முன்னால் போய் நிற்கும்போது காட்டுவதற்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜப்பான்காரன் வந்த பிறகு எங்கள் பேச்செல்லாம் சுருங்கிப்போனது. அரிசி போய் மரவள்ளி வந்தது. பாலத்தில் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்காதவன் கன்னம் வீங்கித் திரும்பினான். மனிதனுக்குக் குனிந்தால் அது விக்கிரக வணக்கம் ஆகுமா என்று தையலம்மா போதகரிடம் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் குனிந்தார். கோணித் துணியில் சட்டை தைத்துக் கொடுத்தார். இது ரெண்டு துவைப்புக்கு மேல நிக்காது என்று ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொன்னார்.

அந்தக் காலத்தில்தான் கோடி வீட்டு லாரி டிரைவரின் அரிசி விவகாரம் நடந்தது. அவர் ஒரு மூட்டை அரிசியைக் கோழிக்கூண்டுக்கு அடியில் பதுக்கி வைத்திருந்தார். அதில் எங்கள் எல்லோருக்குமே அவ்வப்போது ஒரு கைப்பிடி கிடைத்தது. யாரோ சொல்லி போலீஸ்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். பேச்சை மொழிபெயர்க்கக் கூட வந்த துபாஷி ஒரு தமிழன்; சண்டைக்கு முன்னால் தையலம்மாவிடம் சட்டை தைத்துக்கொண்டவன். அவன் நேராக அவரிடம் போய், இங்கே யாராவது அரிசி ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்ததுமே டிரைவரின் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

இருக்கு என்றார் தையலம்மா.

டிரைவரை விளக்குக் கம்பத்தில் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். தையலம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு போய் அவர் பக்கத்திலேயே நின்றார். டிரைவர் அந்தத் தண்ணீரை அவர் சேலையில் துப்பினார். அவர் துடைக்காமல் நின்றார். அன்று அந்தியில் முணுமுணுப்புக்கு நடுவே அவர் அழுவது கேட்டது. கேட்டாங்க, நான் என்ன செய்யட்டும் என்று அவர் யாரிடம் சொன்னார், ஆண்டவரிடமா, பலகைக்கு இந்தப்பக்கம் இருந்த எங்களிடமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் வந்தால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் கழித்து என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பண்டார் ஹிலிரில் மரவள்ளிக் கிழங்கு விற்றுவிட்டு வந்துகொண்டிருந்தவரை, சாலையில் போன மற்ற ஆட்களோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாம் ரயில் வேலைக்கு என்று சொன்னார்கள். அங்கே போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். தையலம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வந்துடுவாரு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் கணவர் வந்துவிட்டார். தாம்பின் போகும் சாலையில் லாரி வேகம் குறைந்த இடத்தில் குதித்து, ரப்பர்க் காட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி நடந்து, ஒரு விடியற்காலையில் எங்கள் கொல்லைப்புறம் வந்து விழுந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. என் மாமனாரும் நானுமாகத் தூக்கிப் பரணில் ஏற்றினோம். இறங்கி வந்ததும் மாமனார் என் காதில் சொன்ன முதல் வார்த்தை, பக்கத்து வீட்டுக்குத் தெரியவே கூடாது என்பதுதான்.

அது எப்படி முடியும்? பரண் பொது. தையலம்மாவின் தலைக்கு மேலேதான் என் கணவரின் கால் இருந்தது. திரும்பிப் படுத்தால் பலகை முனகும். காய்ச்சலோடு இருமலும் சேர்ந்துகொண்டது. இருமல் வரும்போதெல்லாம் மாமனார் ஓடி வந்து தான் இருமுவதுபோல் கீழே இருமுவார். நான் தேவையில்லாமல் பாத்திரங்களை உருட்டுவேன். தையல் மெஷின் ஓடும் நேரங்களில்தான் எங்களுக்கு மூச்சு வரும். அது நின்றால் மறுபடி பாத்திரத்தை எடுப்பேன்.

ஒருநாள் கிணற்றடியில் தையலம்மா என் பக்கத்தில் வாளியை வைத்தார். வேறு யாரும் இல்லை. என்னைப் பார்க்காமல், கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க வீட்டுல யாரு இருமுறதுன்னு நான் கேக்க மாட்டேன் தங்கச்சி. நீயும் சொல்லிடாத. நான் ஒண்ணும் பார்க்கல. பார்க்கவும் மாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்தினார். தன் வீட்டில் நிமிர்ந்து மேலே பார்ப்பதையும் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். பரணில் சத்தம் கேட்டால் உடனே சத்தமாகப் பாட ஆரம்பிப்பார். காதில் விழாமல் இருப்பதற்காகப் பாடுகிறாரா, அடுத்தவர் காதில் விழக்கூடாது என்று பாடுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. பாட்டில் சுருதி இருக்காது. அந்தக் குரல் கேட்டால் எனக்குத் தைரியமும் வரும், நடுக்கமும் வரும். கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

அவர்கள் பகலில்தான் வந்தார்கள். நான் வாசலில் பாயை விரித்து மரவள்ளி வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஜப்பான் சிப்பாய், எங்களுக்குத் தெரிந்த மலாய் போலீஸ்காரர் ஒருவர், பிறகு அதே துபாஷி. லாரி சாலையில் நின்றது. சிப்பாயின் துப்பாக்கி முனையில் கத்தி செருகியிருந்தது. அவன் எங்கள் வாசற்படியில் கால் வைத்து, கூரையை அண்ணாந்து பார்த்தான். மாமனார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

துபாஷி சிப்பாயைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். ஜப்பான் பேச்சில் ஏதோ விளக்கினான். அரிசி விவகாரத்தைச் சொல்கிறான் என்று கையசைவிலேயே தெரிந்தது. பிறகு தையலம்மாவின் வாசலுக்குப் போனான். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பக்கத்து வீட்டு ஆள் லாரியிலிருந்து ஓடிவிட்டான், இங்கே வந்தானா என்று கேட்டான்.

அவர் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் அவரைப் பார்க்கல," என்றார்.

அது உண்மை. அவர் பார்த்திருக்கவில்லை. துபாஷிக்கு அவரை நன்றாகத் தெரியும். அவன் லேசாகச் சிரித்தான்.

"பார்த்தீங்களான்னு நான் கேக்கலம்மா. வந்தானா, வரலயா? அதச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பரணைப் பார்க்கவில்லை. துபாஷியின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தைத்த சட்டையாகக்கூட இருக்கலாம்.

"வரல," என்றார்.

துபாஷி திரும்பி சிப்பாயிடம் இல்லை என்று தலையை ஆட்டினான். சிப்பாய் படியிலிருந்து காலை எடுத்தான். அத்தோடு போய்விடுவார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் லாரியில் கணக்குக்கு ஓர் ஆள் குறைந்தது. யாரையாவது ஏற்றியாக வேண்டும். கிணற்றடியில் சுப்ரா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். எதிர்ச் சாரியில் இருந்த சிட்டி வீட்டின் ஒரே மகன். அவன் தாயை அவர்கள் வழக்கப்படி மக் சுப்ரா என்று நாங்கள் கூப்பிடுவோம், சுப்ராவின் அம்மா என்று அர்த்தம். சிப்பாய் அவனைக் காட்டினான். வாளியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. மக் சுப்ரா சாரோங்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. அவர் மலாயில் அலறியது சாலை முனைவரை கேட்டது.

தையலம்மா நின்ற இடத்திலேயே நின்றார்.

அன்று மத்தியானம் என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஏணியை எடுத்துச் சாத்தினார். எதுக்குக்கா என்று நான் தடுத்தேன். ஏறிப் பரணில் தலையை நீட்டி, அங்கே படுத்திருந்த என் கணவரை நிறைய நேரம் பார்த்தார்.

"வரலன்னு சொல்லிட்டேன் தம்பி. இனிமே பார்க்கலன்னு சொல்லி நான் ஒளிஞ்சுக்கக் கூடாது," என்றார்.

என் கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அப்போதே எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தேங்காய்க்காக மழையில் நனைந்து வந்தவர் அவர். இந்தச் சொல்லை மட்டும் திருத்தாமல் விடுவாரா?

அடுத்து வந்த நாட்களில் அவர் வீட்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் காது கொடுத்தேன். அந்தியில் முணுமுணுப்பு இல்லை. ஜெபமே இல்லையோ என்னவோ, பலகைக்கு அந்தப்பக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எதிர்வீட்டிலிருந்து மக் சுப்ராவின் அழுகை மட்டும் வந்துகொண்டிருந்தது. மாமனார், இவனை உடனே வேறெங்காவது அனுப்பிவிட வேண்டும் என்றார். காலை ஊன்ற முடியாதவரை எப்படி அனுப்புவது?

ஒரு காலையில் அவர் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை. கதவைச் சாத்திவிட்டு டவுன் பக்கம் நடந்தார். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலைத் தாண்டினார், மசூதியைத் தாண்டினார். எந்தப் பக்கமும் திரும்பவில்லை. பாலத்தில் சிப்பாய்க்குக் குனிந்தார்; நானும் பின்னால் குனிந்தேன். ஓடிப்போய்க் காலைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. பிடித்து என்ன சொல்வது? நீங்கள் சொன்ன பொய்யை அப்படியே வைத்திருங்கள், என் புருஷன் இருக்கட்டும், அந்த அம்மாவின் பிள்ளை போகட்டும் என்றா? பண்டார் ஹிலிரில் போலீஸ் இருந்த கட்டடத்துக்குள் அவர் நுழைந்ததைப் பார்த்தேன். சாலைக்கு இந்தப்பக்கம் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்நேரம் லாரி எங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. எந்த லாரியும் கிளம்பவில்லை.

வெளியே வந்தபோது அவர் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. உதட்டில் ரத்தம். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. பாலம் தாண்டியதும் அவரே சொன்னார். சுப்ராவை விடச் சொல்லிக் கேட்டாராம். அந்த அம்மாவுக்கு வேறு யாரும் இல்லை என்று சொன்னாராம். நீ யார் அவனுக்கு என்று கேட்டு அறைந்திருக்கிறார்கள்.

"வேற ஒண்ணும் கேக்கல தங்கச்சி. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல."

அதைக் கேட்ட பிறகு இனியும் தாமதிக்க எங்களுக்குத் துணிவில்லை. மறுநாளே என் கணவரை மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் படுக்கவைத்து, உள்காட்டில் மரவள்ளி போட்டிருந்த உறவினரிடம் அனுப்பிவிட்டோம். சண்டை முடியும்வரை அவர் அங்கேதான் இருந்தார். தையலம்மா யாரிடமும் போகவில்லை. ஆனால் அவர் போய்விடுவாரோ என்ற பயம் சண்டை முடியும்வரை என்னை விடவில்லை.

எங்கள் போதகர் எப்போதாவதுதான் வருவார். மூவாரிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் வருகிற ஞாயிறுதான் திருவிருந்து. கோதுமை ரொட்டி எங்கே? மரவள்ளி மாவில் தட்டிய ரொட்டி. திராட்சை ரசத்துக்குப் பதில் கருப்பட்டி கரைத்த தண்ணீர். அதற்குக்கூட எல்லோரும் கண்ணீரோடு முன்னால் போய் முழங்கால் போடுவோம். தையலம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அடுத்த முறையும் எழுந்திருக்கவில்லை. சபையில் சிலர், அரிசியைக் காட்டிக்கொடுத்தது இப்போதுதான் உறைக்கிறது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

போதகர் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினார். நானும் இருந்தேன். நம் வாயின் சுத்தத்தைப் பார்த்து ஆண்டவர் நம்மை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வதில்லை அம்மா, அவருடைய மகனை நம்பிப் பிடித்துக்கொள்கிறோமே, அதைத்தான் நமக்கு நீதியாக எண்ணிக்கொள்கிறார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். என்ன பாவம் என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தையலம்மா தலையை ஆட்டினார். சின்னப் பிள்ளையிலிருந்து இது எனக்கு மனப்பாடம் ஐயா, ஆனால் தெரிந்திருப்பது போதவில்லை என்றார்.

போதகர் போன பிறகு நான் துணிந்து சொன்னேன். ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய்தானே அக்கா, அதை ஆண்டவர் பாவமாக எடுத்துக்கொள்வாரா என்று. என் குரலில் என் ஆசைதான் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நான் ரெண்டாவதா சொன்னத நினைக்கல," என்றார். "முதல்ல பார்க்கலன்னு சொன்னேனே, அதுதான் போட்டு அரிக்குது. வரலன்னது உன் புருஷனுக்காக. பார்க்கலன்னது எனக்காக. அவரும் பிழைக்கணும், நானும் சுத்தமா நிக்கணும். இத்தன வருஷமா நான் பேசின உண்மையெல்லாம் அப்படித்தானோ? என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பினப்போகூட, நான் சரியாச் சொல்லிட்டேன்னுதான் நினைச்சேன். அவரப் பத்தி நினைக்கல."

அவர் மெஷினில் கையை வைத்தார், சக்கரத்தைச் சுற்றவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற செய்தி வந்து, என் கணவர் வீடு திரும்பினார். சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். மக் சுப்ரா தினமும் சாலை முனையில் போய் நின்றார். கடைசியில், கூட இருந்த ஒருவன் வந்து சொன்னான். சுப்ரா பேதி கண்டு செத்துவிட்டான், புதைத்த இடம்கூட இப்போது காடாகியிருக்கும் என்று.

காரியமெல்லாம் முடியட்டும் என்று தையலம்மா காத்திருந்தார். பிறகு என்னிடம் வந்து, நான் சொல்லப் போகிறேன், உன் புருஷனுக்கு இனி ஆபத்தில்லையே என்று கேட்டார். என் கணவர் தானும் வருவதாகச் சொன்னார். மூவரும் போனோம்.

மக் சுப்ரா முன்கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். தையலம்மா அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். பரணில் ஆள் இருந்தது, தனக்குத் தெரிந்திருந்தது, வரவில்லை என்று சொன்னது, அதனால்தான் கிணற்றடியில் இருந்தவனைப் பிடித்தார்கள் என்பது வரை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. போலீஸில் வாங்கிய அறையைச் சொல்லவில்லை. அதை நான் சொல்லப் போனேன். என் கையை அழுத்தித் தடுத்துவிட்டார்.

மக் சுப்ரா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருந்தால் என் பிள்ளை இன்றைக்கு இருப்பானா?

அதற்கு ஆயிரம் பதில் இருந்தது. வேறொரு நாள் பிடித்திருப்பார்கள் என்று சொல்லலாம். ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று சொல்லலாம். என் மனசு அவருக்காக ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருந்தது. தையலம்மா உதட்டை உள்ளே இழுக்கவில்லை. உடனே சொன்னார்.

"இருப்பான்னுதான் நினைக்கிறேன்."

மக் சுப்ரா என் கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு எழுந்து, என் வீட்டு வாசலை இனி மிதிக்காதே என்று தையலம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. என் கணவர் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

அடுத்த திருவிருந்துக்குத் தையலம்மா வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். அதே கடைசி பெஞ்ச். எல்லோரும் வாங்கித் திரும்பி உட்கார்ந்தாகிவிட்டது. போதகர் தட்டின் மேல் துணியைப் போடக் கையை நீட்டினார். அப்போது தையலம்மா எழுந்தார். நடு வழியில் நடந்து போய், தனியாக முழங்கால் போட்டு, ஒரு கை மேல் மறு கையை வைத்து நீட்டினார். கை நடுங்கியது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

வெளியே வாசலில் அவரோடு நடக்கும்போது, இப்போது மனசு ஆறிவிட்டதா அக்கா என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. பயமாத்தான் இருக்கு. அந்த அம்மா மன்னிச்சிட்டாங்கன்னா அதை எடுத்துக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன். அதுவும் கிடைக்கல. அப்புறம் கையில என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாம வரலாம்னு ஆண்டவர் சொல்லியிருக்காரே, அத இன்னிக்குத்தான் நம்பிப் பார்த்தேன்."

மக் சுப்ரா கடைசிவரை அவரிடம் பேசவில்லை. என் கணவர் அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார். தையலம்மா வயதான பிறகு உஜோங் பாசிரில் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்வரை ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் கடைசி ஆளாக எழுந்து போவார். அந்த நடுக்கம் நிற்கவே இல்லை. நீட்டிய கையிலிருந்து ரொட்டி நழுவிவிடுமோ என்று பின்னால் இருக்கும் எனக்குப் பதைக்கும். ஒருமுறைகூட நழுவியதில்லை.